பத்து நிமிடத் திருட்டு

1853 மார்ச் 2, புதன்
லம்லியின் பஞ்சாலை நண்பகல் 12.34க்கு நின்றது, 1.24க்கு மீண்டும் ஓடியது. சட்டப்படி உணவு இடைவேளை ஒரு மணி நேரம். ஆலைக் கடிகாரம் மட்டும் எல்லாம் சரி என்று சாதிக்கிறது. அங்கே தறி ஓட்டும் என் மகள் டாமரிஸ், நின்றபடியே உருளைக்கிழங்கை விழுங்கிவிட்டு ஓடினாள். நான் என் கடிகாரத்தை நாள்தோறும் ரயில் நிலையத்தில் சரிபார்க்கிறேன். இது பதினேழாம் நாள் குறிப்பு.

மார்ச் 5, சனி
தொழிற்சாலை ஆய்வாளர் வந்து என் குறிப்புகளைப் பார்த்தார். வழக்குத் தொடுப்பாராம், நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். சொன்னால் டாமரிஸின் வேலை போய்விடுமே? அவளையே கேட்டேன்.
"போனா போகட்டும்ப்பா. நாங்க ரெண்டு நிமிஷம் பிந்தினா வாசலையே அடைச்சிடறாரு அந்த முதலாளி. போய்ச் சொல்லுங்க. ஆனா தேதியெல்லாம் ஆதியிலேருந்து ஒப்பிச்சு ஜட்ஜையாவைத் தூங்க வச்சுடாதீங்க!"

மார்ச் 9, புதன்
1819 மே 3 முதல் 1850 ஏப்ரல் 30 வரை, அதாவது இரண்டு நாள் குறைய முப்பத்தொரு ஆண்டுகள், இந்த வழக்கு நடக்கப்போகும் அதே நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தேன். தொடக்கத்தில், குற்றவாளிப் பட்டியலில், பண்ணையார் காட்டில் முயல் பிடித்தவர்களின் பெயர்களை எழுதினேன். ஆலைகள் எழுந்தபின், நூல் கழிவை மடியில் கட்டிக்கொண்ட பெண்களின் பெயர்களை. ஆலை முதலாளியின் பெயரை ஒருமுறைகூட எழுதியதில்லை. அவர் நீதிபதியாக மேடையில் அல்லவா இருந்தார்! லம்லியும் அப்படித்தான். அவர் எதிரில் நானா?

மார்ச் 17, வியாழன்
விசாரணை. லம்லி வந்தார், பழக்க தோஷம் — நேராக நீதிபதிகளின் மேடையில் ஏறிவிட்டார்! காவலர் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, இன்னிக்கு உங்க இடம் கீழ." கூடமே சிரித்தது.
அவருடைய வக்கீல் என்னைக் குடைந்தார். "பெரியவரே, உங்க கடிகாரமே தப்பா ஓடலாமே?"
"அதை நம்பித்தான் ரயிலுக்குப் போறேன். இதுவரைக்கும் ஒண்ணைக்கூட விட்டதில்லை."
லம்லியின் குற்றம் உறுதியாயிற்று.

மார்ச் 19, சனி
டாமரிஸை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். என்னால்தானே?

மார்ச் 21, திங்கள்
காலை ஆறு மணிக்கு, அவளுடைய தறிக்கூடத்துப் பெண்கள் நாற்பத்தெட்டு பேரும் தறியருகே கைகட்டி நின்றார்களாம். "அவ வந்தாத்தான் தறி ஓடும்." 7.50க்கு மேஸ்திரி எங்கள் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். "கொஞ்சம் சீக்கிரம் வாம்மா." டாமரிஸ் நிதானமாகத் தலை வாரிக்கொண்டு கிளம்பினாள். நான் அடுக்களைக்குள் போய்ச் சிரித்தேன்.

மார்ச் 22, செவ்வாய்
ஆலை 12.30க்கு நின்றது, 1.30க்கு ஓடியது. டாமரிஸ் உட்கார்ந்து சாப்பிட்டாள். மீதமிருந்த நேரத்தில், முட்டைக்கோசை நான் குழைய வேகவிட்டதற்காக என்னைத் திட்டவும் செய்தாள்.