இரண்டு அணிக்கும் ஒரே சீட்டு

வீட்டுக்காரம்மாவுக்கு, உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் நலம். முட்டிவலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே. சொன்னால் கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

நேற்று என் முதுகலை மாணவர்களுக்குப் பேச்சுவார்த்தைப் பயிற்சி. இரண்டு அணிகளுக்கும் ஒரே ஹால், ஒரே மாலையில் வேண்டும். எதற்கு என்பது நான் கொடுக்கும் அவரவர் துண்டுச் சீட்டில் மட்டும் இருக்கும்: ஒன்றில் செஸ், மற்றதில் நாடகம். கண்ணாடியை வீட்டிலேயே விட்டு வந்த புண்ணியம், இரண்டு அணிக்கும் செஸ் சீட்டையே கொடுத்துத் தொலைத்தேன். அரை மணி நேரம் ஒரே ரகளை. கடைசியில் ஒரு பெண் கேட்டாள்: "ஆமா, உங்களுக்கு எதுக்குத்தான் அந்த ஹால்?"

"செஸ் ஆட."

"அட, எங்களுக்கும் அதுக்குத்தான்! வாங்க, சேர்ந்தே ஆடலாம்."

வகுப்பே சிரித்தது. திட்டம் போட்டுச் செய்தவன் போல நானும் தலையாட்டி வைத்தேன்.

அலமாரியில் இருக்கும் என் கண்ணாடியை அனுப்பு. நீயே கொண்டுவந்தால் இன்னும் நல்லது. இங்கே இரண்டாவது நாற்காலியில் துணிதான் காய்கிறது.

விடுமுறைக்கு "நீ வா", "நீங்க வாங்க" என்று மூன்று வாரமாகப் போனில் மல்லுக்கட்டுகிறோம். எதற்கு என்று நான் கேட்கவேயில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும், என் சீட்டில் அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். உன் சீட்டில் என்ன இருக்கிறது?