கொட்டகைக் கோலங்கள் பார்க்கப் போன மூன்று நாள்

14 அக்டோபர் 2011, வெள்ளி

காலையிலிருந்து காற்று. மழை வரும் வரும் என்று வராமல். காருக்குப் பெற்றோல், தண்ணீர்ப் போத்தல், அக்காவுக்கு ஒரு குளிர்ச்சட்டை. சிட்னியிலிருந்து வரும்போதெல்லாம் மறந்துவிட்டு வருவாள்.

11.40க்கு விமானம். அக்கா நன்றாக மெலிந்துவிட்டாள். கடைசியாகப் பார்த்தது 2009இல், மெரிலேண்ட்ஸில் அவள் வீட்டில். ஊரில் சண்டை முடிந்ததும், காணாமல் போனவர்களைத் தேடும் படிவத்தில் தம்பி ரமணனின் எந்தப் படத்தை ஒட்டுவது என்று இரண்டு பேரும் இழுபறிப்பட்ட அன்று. அதன்பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. நாங்களும் போனில் நல்லநாள் பெருநாளுக்கு மட்டும்.

இந்தப் பயணம் அவளுடைய யோசனை. அங்கே பெண்களோடு சேர்ந்து ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் பழகுகிறாளாம். போர்வையில் வரும் ஒரு கட்டத்தைப் பெரிய பலகையில் வரைந்து, இங்கே பக்கென்ஹாமுக்கு அப்பால் பண்ணைக் கொட்டகைச் சுவர்களில் மாட்டியிருக்கிறார்கள். மொத்தம் பதினொன்று. வரைபடம் கையில்.

புட்டும் மீன்குழம்பும் வைத்தேன். கொஞ்சம்தான் சாப்பிட்டாள். போனைக் கையை விட்டு வைப்பதில்லை. குளிக்கவும் கொண்டு போகிறாள்.

15, சனி

நோபல் பார்க்கிலிருந்து ஏழரைக்கு வெளிக்கிட்டோம். வெயில், ஆனால் குளிர்.

1 – சிவப்பு, மஞ்சள். காற்றாடி மாதிரி.
2 – மாடுகள் மறைத்துக்கொண்டு நின்றன. பாதிதான் தெரிந்தது.
3 – முழுக்க முக்கோணம். "இதுக்குப் பறக்கிற வாத்து எண்டு பேர்." எனக்குச் சமோசா போலத்தான் இருந்தது. சொன்னேன். அக்கா சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு.
4 – பண்ணைப் படலை பூட்டியிருந்தது, பார்க்கவில்லை.
5 – நீல நட்சத்திரம். ஒரு மூலை மட்டும் நிறம் பூசாமல் வெறும் பலகை.

பண்ணைக்கார மனிசி வெளியே வந்தாள். எழுபது வயது இருக்கும், முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. ஏன் அந்த மூலை அப்படி என்று அக்கா ஆங்கிலத்தில் கேட்டாள். வரைந்தது மகனாம். மிச்சத்தைப் பின்னேரம் பூசலாம் என்று டிராக்டரை எடுத்துக்கொண்டு போனவன். சரிவில் டிராக்டர் பிரண்டு, அவன் அடியில் போய்விட்டான். "கூப்பிட்டிருப்பான். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தேன்," என்றாள். தேத்தண்ணி தரட்டுமா என்றும் கேட்டாள். அக்கா வேண்டாம் என்று காருக்கு வந்துவிட்டாள்.

காரில், பெல்ட் கூடப் போடாமல்:

"சுகி, கடைசி நேரம் தம்பி எனக்கு அடிச்சவன். சற்றலைற் போன். தெரியாத நம்பர் எண்டு நான் எடுக்கேல்லை. வேலையிலை நிண்டனான். பிறகு அவன் ஒருத்தருக்கும் அடிக்கேல்லை. என்ன சொல்ல வந்தவனோ."

 காரை எடுத்தேன்.

16, ஞாயிறு

காலை 6. மோட்டல். வெளியே பனிப்புகார், எதிரே கார் கூடத் தெரியவில்லை. அக்கா நித்திரை.

இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. அன்றைக்கே ரமணன் எனக்கும் அடித்தான். நான் எடுத்தேன். பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், கெதியாகச் சொல் என்றான். "சின்னக்கா, சனம் அங்காலை ஆமியின்ரை பக்கம் கடந்து போகுது. நானும் போகட்டோ?" போகாதே, சுடுவார்கள், பங்கருக்குள் இரு, இரண்டு நாள் பொறு என்றேன். "சரி" என்றான். கடந்து போன சனத்தில் எத்தனையோ பேர் உயிரோடு இருக்கிறார்கள்.

நான் சொன்னால் அக்காவின் பாரம் இறங்கும். அவன் என்ன சொல்ல வந்தான் என்று எனக்குத்தான் தெரியும். 

பின்னேரம். 6ஆம், 7ஆம் கொட்டகைகள் பார்த்தோம். என்ன நிறம் என்று நினைவில்லை. எட்டாவதுக்குத் திரும்பும் முன் றோட்டோரம் நிறுத்திச் சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

"என்னிலை கோவமாய் இருந்தவனோ?"

"இல்லை அக்கா. 'பெரியக்கா வேலையிலை போல' எண்டவன். அவ்வளவுதான்."

அழுதாள். தோளில் கை வைக்க விட்டாள். பிறகு மெதுவாக:

"நீ ஏன் அவனைப் போ எண்டு சொல்லேல்லை?"

"பயத்திலை, அக்கா."

இறங்கி வேலியோரமாக நடந்தாள். அரை மணித்தியாலம் இருக்கும். திரும்பி வந்து பின்சீற்றில் ஏறினாள். "எயார்போட்டிலை விடு." அவள் ரிக்கெட் நாளைக்கு. நான் அதைச் சொல்லவில்லை.

பக்கென்ஹாம் தாண்டும்போது பின்னால் இருந்து: "அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லு."

"எதை?"

"என்னைப் பற்றிச் சொன்னதை மட்டும்."

சொன்னேன். டாண்டினோங்கில் திரும்பவும் கேட்டாள். விமான நிலையம் வருவதற்குள் மூன்று தரம் சொல்லிவிட்டேன்.

சூட்கேஸைத் தூக்கப் போனேன். விடவில்லை.