கோலிக்குண்டும் ரோஸ் சாக்ஸும்

பாணேர், புனே
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தேஜுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்கால் நீங்கலாக எல்லோரும் சௌக்கியம், டப்ளினில் நீயும் உன் புது வீடும் அப்படியே இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய், அதனால்தான் காகிதமும் தபாலும். தமிழ் எழுத்து தடுக்கினால் வாய்விட்டுப் படி, புரிந்துவிடும். போன வாரம் போனில், "நீ வந்து வீடு செட் பண்ணித் தர வேண்டாம்மா, நானே பாத்துக்கறேன்" என்று நீ சொன்னதும் நான் பதில் பேசாமல் வைத்துவிட்டேன் அல்லவா, கோபம்தான். டிக்கெட் எடுத்தாயிற்று, ஒன்பது டப்பாவுக்கு லேபிள் ஒட்டியாயிற்று, குக்கருக்கு உபரியாக ஒரு காஸ்கெட் கூட வாங்கியாயிற்று, இப்போது வர வேண்டாம் என்கிறாளே என்று அப்பாவிடம் இரண்டு நாள் பொரிந்து தள்ளினேன். அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். உனக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன் நான் பாடம் எடுக்கும் இரண்டாம் வகுப்பில் நடந்த கூத்தைச் சொல்லியாக வேண்டும்.

நேற்று எங்கள் பள்ளியில் கண்காட்சி. என் வகுப்புக்கு விழுந்தது மார்பிள் ரன், அதாவது மேலே கோலிக்குண்டைப் போட்டால் அது சறுக்கி, திரும்பி, கீழே வந்து மணியை அடிக்க வேண்டும். வீட்டில் தூக்கிப் போடும் சாமானில்தான் செய்ய வேண்டும், குழந்தைகளேதான் செய்ய வேண்டும், பெரியவர்கள் கை வைக்கவில்லை என்று வகுப்பு டீச்சர் கையெழுத்துப் போட வேண்டும் என்று பிரின்சிபால் மேடம் சுற்றறிக்கை விட்டார். நம் பேட்டை அபார்ட்மெண்ட்காரர்களைத்தான் உனக்குத் தெரியுமே, குப்பை காலையிலேயே வண்டியேறிப் போய்விடும், திடீரென்று குப்பைக்கு எங்கே போவார்கள்? என் வகுப்புப் பையன் மனோஜின் அம்மா ஐம்பது புத்தம்புது அட்டைக் குழாய்களை ஆன்லைனில் வரவழைத்தாள். அவை வந்த அட்டைப் பெட்டி பிரிட்ஜ் அளவு இருந்தது, அதை வாட்ச்மேனிடம் வீசச் சொல்லிவிட்டுக் குழாய்களைக் கொடுத்தனுப்பினாள். சஹானாவின் அம்மா பாட்டில் காலியாக வேண்டுமே என்று புது ஷாம்பூவைப் பக்கெட்டில் கொட்டி வைத்திருக்கிறாளாம், வீடே ஒரு வாரமாக வாசனை. அபினவின் அப்பா ராம்கி சாஃப்ட்வேர் மேனேஜர், அவர் காரை எடுத்துக்கொண்டு எரவாடாவில் சலீம் பாயின் பங்கார் கடைக்கே, நம்மூர்க் காயலான் கடைதான், போய்ப் பழைய சாமான் கேட்டிருக்கிறார். கழுவித் தரட்டுமா, அப்படியே தரட்டுமா என்று சலீம் பாய் மரியாதையாகக் கேட்டாராம். கழுவியதை வாங்கி வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டில் தானே ஒரு மார்பிள் ரன் கட்டி, அதற்கு நாற்பது பக்கத்தில் விளக்கமும் தயாரித்துவிட்டார். நீ சிரிக்காதே, நம் வீட்டிலும் தேடினேன், காலி டப்பா ஒன்று கிடைக்கவில்லை. ஐஸ்கிரீம் டப்பாவில் தோசை மாவு, காபி பாட்டிலில் கடுகு, பிஸ்கட் டின்னில் ஊசி நூல்.

குழந்தைகள் குழாய்களைத் தொடவே இல்லை. அந்தப் பிரிட்ஜ் பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்டு, வாட்ச்மேனிடமிருந்து அதை மீட்டு வந்து, வெட்டி, மடித்து, நான்கு நாள் சண்டை போட்டுக் கட்டினார்கள். ஒரே ஒரு திருப்பத்தில் மட்டும் கோலி ஒவ்வொரு தடவையும் வெளியே பாய்ந்தது. ஸ்நேஹா வீட்டிலிருந்து கிழிந்த ரோஸ் சாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து திருப்பத்துக்கு முன்னால் ஒட்டினாள். ஸ்பீட் பிரேக்கரில் ஏறும் ஆட்டோ மாதிரி கோலி வேகம் குறைந்து, பவ்யமாகத் திரும்பி, உடைந்த சைக்கிள் மணியை அடித்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் கிளம்பிய பிறகு நான் அதன் எதிரில் நின்றேன். எல்லாம் கோணல், நடுவில் அழுக்கு சாக்ஸ். நாளை டிரஸ்டி வருகிறார், பார்க்க லட்சணமாக இல்லாவிட்டால் ராம்கி கட்டியதை மேடையில் வைத்துவிடலாம் என்று மேடம் வேறு சொல்லியிருந்தார். பாவம் குழந்தைகள், இத்தனை பாடும் வீணாகிவிடுமே என்று நினைத்தேன். என் கை சும்மா இருக்குமா? நிமிர்த்தினேன், டேப் ஒட்டினேன், சாக்ஸைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். மறுநாள் காலை பெரியவர்கள் யாரும் கை வைக்கவில்லை என்று கையெழுத்தும் போட்டேன்.

கோலி திருப்பத்தில் பறந்துபோய் டிரஸ்டியின் ஷூவில் விழுந்தது. இரண்டாம் தடவையும் பறந்தது, மூன்றாம் தடவையும் பறந்தது. ராம்கி தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு முன்னால் வர ஆரம்பித்துவிட்டார். அபினவ் பாதையில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, சாக்ஸ் எங்கே என்றான். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன் தேஜு, உன்னிடம் பொய் சொல்வானேன். பிறகு, நான்தான் எடுத்தேன் என்றேன். ஸ்நேஹா அழவில்லை. ஓடிக்கொண்டுதானே இருந்தது மிஸ், ஏன் எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். சஹானா தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, பெரியவர்கள் எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் கை கட்டி நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டாள். டிரஸ்டி, மேடம், ராம்கி, நான், எல்லோரும் நின்றோம். முப்பது வருஷமாக நான் குழந்தைகளுக்குச் சொன்னதுதான். ரோஸ் சாக்ஸ் குப்பை வண்டியில் போய்விட்டதால் ஸ்நேஹா காலிலிருந்த வெள்ளை யூனிஃபார்ம் சாக்ஸைக் கழற்றி, என் டேப்பைக் கிழித்துவிட்டு ஒட்டினாள். கோலி வந்தது, தயங்கியது, திரும்பியது, மணி அடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள், நான் மட்டும் கட்டிய கையோடு அழுதுகொண்டிருந்தேன். அப்புறம் மேடத்திடம் போய் அந்தக் கையெழுத்துக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். டிரஸ்டி தன் பேச்சில் பெற்றோரின் ஒத்துழைப்பைத்தான் வெகுவாகப் பாராட்டினார்.

மூன்றாம் வகுப்பில் நீ கொண்டுபோன காற்றாலை நினைவிருக்கிறதா? முதல் பரிசு வந்ததே. நீ ஒட்டியதைப் பிரித்துப் போட்டுவிட்டு அது முழுவதையும் நான்தான் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் நீ பரிசுக் கோப்பையைச் சமையலறை அலமாரியில் என் சாமான்களோடு வைத்துவிட்டு, "இது உன்னோடதும்மா" என்றாய். என் பெண்ணுக்கு என்மேல் எவ்வளவு பாசம் பார் என்று இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ என்ன சொன்னாய் என்பது நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது, மன்னித்துக்கொள் கண்ணா.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். வீட்டை நீயே அடுக்கிக்கொள், கோணலாக வந்தாலும் வரட்டும். நீ கூப்பிடும்போது வருகிறேன், கை கட்டி உட்கார்ந்து நீ போடும் காபியைக் குடிக்கிறேன், சர்க்கரை கூடினாலும் வாய் திறக்க மாட்டேன். நல்ல ஆரோக்கியத்தோடும் தைரியத்தோடும் இரு, அப்பாவும் மனதார ஆசீர்வதிக்கிறார். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, இதைக்கூடச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. காஸ்கெட்டை அனுப்பவில்லை, வேண்டுமானால் கேள். கோப்பையையும் அனுப்பவில்லை, அது என்னுடையதுதான்.

உன் அம்மா
லலிதா