கூடப்பிறந்தவர் கையெழுத்து

செம்பாக்கம்,
1-7-1991

பேத்தி சாமுண்டீஸ்வரிக்கு, பாட்டி அஞ்சம்மாள் எழுதுவது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உன் தங்கை கனகவல்லி சுகமாக இல்லை.

முப்பது வயதாகியும் அவளுக்கு நாலு வயதுக் குழந்தையின் புத்திதான். உங்கள் அம்மா போனபின் உன் தம்பி சிட்டிபாபு அவளை மாட்டுக் கயிற்றில் கட்டி வைக்கிறான். போன மாதம் சாதத்தைக் கொட்டிவிட்டாள் என்று முதுகில் சூடு போட்டான். அந்தப் புண்ணைக் கழுவியது நான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போலீசுக்குப் போனேன். ஆஸ்பத்திரிச் சீட்டு கொண்டுவா என்றான். ஆஸ்பத்திரியில் போலீஸ் சீட்டு கேட்டார்கள். மூன்று நாள் அலைந்தபின் ஸ்டேஷனில் சீட்டு எழுதினார்கள். யார் கையில் கொடுத்தார்கள் தெரியுமா? சிட்டிபாபு கையில்! வீட்டு ஆம்பிளை அவன்தானாம். டாக்டரும் அவனைத்தான் கேட்டார். "வெந்நீர் அண்டாவாண்ட வுயுந்துட்டா சார்" என்றான். அப்படியே எழுதிவிட்டார். அவள் முதுகைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தூ!

தாம்பரத்தில் பெண்கள் விடுதி நடத்தும் ஹில்டா அம்மா புண்ணைப் பார்த்து அழுதாள். "இன்னிக்கே வச்சுக்கறேன் பாட்டி, ஆனா சமூகநல ஆபீஸ் ஆர்டர் வேணும்" என்றாள். அந்த ஆபீஸில் கார்டியன் சம்மதம் வேண்டுமாம். கார்டியன் யார்? சூடு போட்டவன்! அவனுக்கே தபால் அனுப்பியிருக்கிறார்கள். தபால் வந்த அன்று அவள் கயிறு இன்னும் குட்டையாயிற்று. "இன்னா கெய்வி, ஆபீஸ் ஆபீஸா சுத்திகினு கீறியாமே?" என்று என் முகத்துக்கு நேரே சிரித்தான். எல்லா இடத்திலும் ஃபைல் இருக்கிறது. ஒருத்தன் ஃபைலை இன்னொருத்தன் பார்க்க மாட்டான்.

கூடப்பிறந்த இன்னொருவர் கையெழுத்துப் போட்டாலும் செல்லுமாம். என்னுடையது செல்லாது, எழுபது தாண்டிவிட்டேனாம். ஹில்டா அம்மா பதினைந்தாம் தேதிவரை ஒரு கட்டிலை ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை. உன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படக்கூடாது என்று அவளை மாட்டுக்கொட்டகையில் அடைக்கச் சொன்னது நீ. பூட்டியது நான். அவள் கதவைத் தட்டிய சத்தத்தை மேளம் அமுக்கிவிட்டது. சிட்டிபாபு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

உன் பேரைச் சொன்னால் அவள் இன்னும் சிரிக்கிறாள்.

இப்படி ஒரு தங்கை இருப்பதை மாப்பிள்ளையிடம் இதுவரை நீ சொல்லியிருக்க மாட்டாய். இந்தக் கடிதத்தையே காட்டு. நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். பதினைந்துக்குள் வந்துவிடு, தாயே.

உன் பாட்டி,
அஞ்சம்மாள்