பாலம் தலைகீழாகத் தெரிந்த கொப்பி

என் அன்பு மச்சான் சவரிமுத்துவுக்கு,

உன்னை அடக்கம் செய்து இன்றைக்கு இருபத்திரண்டு நாள். இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குத் துக்கம்தான் காரணம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். பயம்தான் காரணம். ஆறு வருடமாக உன்னைப் பற்றி நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை உனக்குச் சொல்லவேண்டும். அதை மற்றவர்களுக்குச் சொல்லியும் வைத்தவன் நான். அதனால்தான் இந்தக் கடிதத்தை மூடி வைக்காமல் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். வாசிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட வருடம் அது. எங்கள் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. பௌதிகம் படிப்பித்த மாஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. சீனியர் சோதனைக்குப் பௌதிகம் எடுக்கிறோம் என்று பிடிவாதமாக நின்றவர்கள் நீயும் நானும் மட்டும். தலைமையாசிரியர் எங்கள் கையில் ஒரு லென்ஸைத் தந்து, "செய்முறைக் கொப்பி இல்லாம செய்முறைச் சோதனைக்கு விடமாட்டாங்கள். ஏலுமானதைச் செய்து எழுதுங்க" என்றார். அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த பாடம்.

கல்லடியில் உன் வீட்டுக்குப் பின்னால் வாவிக்கரைதான் எங்கள் ஆய்வுகூடமானது. பூவரசங் கொப்பில் நூல் கட்டி, உன் அப்பாவின் வலையிலிருந்து கழற்றிய ஈயக்குண்டைத் தொங்கவிட்டு ஊசல் ஆட்டினோம். லென்ஸை நீ பிடிப்பாய். நான் வெள்ளைக் கடதாசியை முன்னும் பின்னும் நகர்த்துவேன். தூரத்தில் தெரிந்த பாலம் கடதாசியில் சின்னதாக, தலைகீழாக வந்து விழும். அன்றைக்கு நீ கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. "மச்சான், பாலம் கவுண்டு போச்சுடா!" நான் அதை இங்கிலீசில் கொப்பியில் எழுதினேன். பாலம், தலைகீழ், எட்டு அங்குலம்.

சோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் கொப்பியை நீ வாங்கிக்கொண்டு போனாய். விட்டுப்போன அளவுகளைப் பார்த்து எழுதிவிட்டு வியாழக்கிழமை கொண்டுவந்து தருவதாகச் சொன்னாய். வியாழக்கிழமை நீ வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அமிர்தகழியில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஊர் அதிகாரி விதானையார் வந்தார். என்னைப் பொலிசுக்குக் கூட்டிவரச் சொல்லி ஆள் வந்திருக்கிறதாம். அப்பா சட்டையைக்கூடச் சரியாகப் போடாமல் என் பின்னால் ஓடி வந்தார்.

இன்ஸ்பெக்டரின் மேசையில் என் கொப்பி கிடந்தது, மச்சான். பக்கத்தில் லென்ஸ்.

"பாலத்தத் தலைகீழாக்க எட்டு அங்குலம் என்னத்துக்கு? வெடியா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். நான் சிரித்துவிட்டேன். சிரித்ததுதான் பிழை. பிறகு இரண்டு மணித்தியாலம் யாருமே சிரிக்கவில்லை. எந்தக் கப்பலைப் பார்த்தாய், யாருக்கு எழுதினாய், வெளிச்சம் காட்டினாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில், "ஐயா, லென்ஸத் தாங்க, செய்து காட்டுறன்" என்றேன். யன்னலுக்கு எதிரே பிடித்தேன். வெளியே நின்ற தென்னை சுவரில் தலைகீழாக வந்து விழுந்தது. வாசலில் நின்ற பொலிஸ்காரர் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு கிட்ட வந்து பார்த்தார். என்னை விட்டார்கள். லென்ஸைத் தந்தார்கள். கொப்பியை யுத்தம் முடியும்வரை தரமுடியாது என்றார்கள்.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கொப்பி ஆருக்கிட்ட இருந்தது?"

"சவரிக்கிட்ட" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்தது. உன்னிடம் இருந்த கொப்பி பொலிசுக்கு எப்படிப் போனது? என்னை அழைத்தவர்கள் உன்னை ஏன் அழைக்கவில்லை? நீ ஏன் வியாழக்கிழமை வரவில்லை? இந்த மூன்று கேள்விக்கும் ஒரே பதில்தான் இருப்பதாக எனக்குப் பட்டது. அதன்பிறகு பழையதெல்லாம் வேறு நிறத்தில் தெரிந்தது. ஒரு சோதனையில் உனக்கு என்னைவிட நாலு புள்ளி குறைந்தபோது நீ பேசாமல் இருந்தது, கொழும்பில் மேல்படிப்புக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்கள் என்று யாரோ சொன்னபோது நீ என் முகத்தைப் பார்த்தது, கொப்பியை நீயாகவே கேட்டு வாங்கியது. ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்து அடுக்கினேன். பௌதிகம் படித்ததைவிட உன்னைத்தான் அந்த மாதம் அதிகம் படித்தேன்.

நீ சனிக்கிழமை வந்து வாசல் படலையில் நின்றாய். அப்பா வெளியே போய், "இனி இந்தப் பக்கம் வராத" என்றார். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நீ ஒரு சொல்லும் பேசாமல் போனாய். பேசாததையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். வகுப்பில் இரண்டு பேருக்கு, "என்னைக் காட்டிக் கொடுத்தவன் அவன்தான்" என்று சொன்னேன். அவர்கள் உன்னோடு உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து எழும்பிப் போனதை நீ பார்த்தாய். நானும் பார்த்தேன்.

செய்முறைச் சோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போது தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு ஒரு கொப்பியைத் தந்தார். கையால் கோடு போட்டுத் தைத்த கொப்பி. உறையில் என் பெயர். உள்ளே உன் எழுத்து. அசல் கைவிட்டுப் போனதென்று தலைமையாசிரியரே எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தார். "உன்ட கூட்டாளி எழுதித் தந்தவன்" என்று மட்டும் சொன்னார். மேலே எதையும் நான் கேட்கவில்லை.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? குற்றம் குத்துகிறது, அதுதான் எழுதியிருக்கிறான் என்று தோன்றியது. அதோடு நிற்கவில்லை. பிழையான கணக்கை எழுதி என்னை மாட்டவைக்கப் பார்க்கிறானோ என்று ஒவ்வொரு பக்கமாகத் துருவினேன். ஊசல் பக்கத்தில் பிடித்தேன். இருபது ஆட்டத்துக்கு முப்பத்துநாலு செக்கன் என்பது என் அளவு, எனக்கு நன்றாக நினைவிருந்தது. நீ முப்பத்தாறு என்று எழுதியிருந்தாய். ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி வேறு: 'விடும்போது ஒண்டு எண்டு எண்ணாத, சைபர் எண்டு எண்ணு.' இதுதான் பொறி என்று நினைத்தேன். பிளேடால் மையைச் சுரண்டி முப்பத்துநாலு என்று திருத்தினேன்.

சோதனை மண்டபத்தில் எனக்கு வந்தது ஊசல். குண்டை விட்டுவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். கணக்குப் போட்டால் புவியீர்ப்பு ஆயிரத்துக்கு மேல் போய்விட்டது. தொள்ளாயிரத்து எண்பதுக்குக் கிட்ட வரவேண்டும் என்பதாவது எனக்குத் தெரியும். அப்போதுதான் உன் பென்சில் வரி ஞாபகம் வந்தது. ஒன்று என்று தொடங்கினால் இருபது எண்ணும்போது பத்தொன்பது ஆட்டம்தானே முடிந்திருக்கும்! சைபரில் தொடங்கித் திரும்ப எண்ணினேன். விடை சரியாக வந்தது.

தலையை நிமிர்த்தி உன்னைத் தேடினேன். உன் மேசை காலியாக இருந்தது.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டாமா? வரவில்லை. என் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டு நீ வரவில்லை என்று முடிவு கட்டினேன். நான் பாஸ். நீ பௌதிகத்தில் பெயில். நான் கொழும்புக்குப் போனேன், நீ பலகை விற்கிற மரக்காலையில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தாய். யுத்தம் முடிந்த வருடம் மாமாங்கத் திருவிழாவில் சனத்துக்குள் என் கையைப் பிடித்து, "மச்சான், அந்தக் கொப்பி விசயம்..." என்று தொடங்கினாய். "பழைய கதைய விடு" என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டேன். மன்னித்துவிட்ட பெரிய மனிதன் மாதிரி நடந்துகொண்டேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பையும் சந்தேகப்பட்டேன், சவரி.

உன்னை அடக்கம் செய்த அன்று சேமக்காலைக்கு வெளியே ஒரு மனிதர் என்னிடம் வந்தார். நரைத்த தலை. "தம்பிதானே சுவரில தென்னையக் காட்டினது?" என்றார். அன்று வாய் பிளந்து பார்த்த பொலிஸ்காரர். இப்போது ஓய்வாம்.

"பாலத்தில காவலுக்கு நிண்டு இந்தப் பிள்ளைய மறிச்சது நான்தான் தம்பி" என்றார். "வியாழக்கிழம பின்னேரம். உங்கட ஊருக்குத்தான் போறன் எண்டு சொன்னான். பைக்குள்ள ரெண்டு கொப்பி, ஒரு லென்ஸ். ரெண்டு கொப்பியும் என்ட எண்டு நிண்டான். பேர் வேற கிடக்கே எண்டு கேட்டா, பேர் மட்டும்தான் அவன்ட, எழுத்து என்ட எண்டான். விடியுமட்டும் அதையேதான் சொன்னான். மறுகா விடக்குள்ள இன்ஸ்பெக்டர் ஐயா வெருட்டினவர், யுத்தம் முடியுமட்டும் வெளிய வாய் துறந்தா கூட்டாளியையும் உள்ள போடுவன் எண்டு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரையும் சந்தேகப்பட்டேன். "இத ஏன் இப்ப சொல்லுறீங்க?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் எழுதமாட்டேன்.

உன் தங்கை றோசலினிடம் போனேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். "ரெண்டு கொப்பியும் போயிற்று. யுத்தத் தட்டுப்பாட்டில கடத்தெரு முழுக்க அலைஞ்சும் ஒரு கொப்பிக்குத்தான் கடதாசி கிடைச்சது. லென்ஸ் கணக்கெல்லாம் அண்ணாக்கு மனசில கிடந்தது. ஊசல மட்டும் திரும்ப ஆட்டினவர், நான்தான் எண்ணினன். உங்கட பேர எழுதக்குள்ள அம்மா கேட்டவ, உனக்கு எங்கடா எண்டு. அவன்ட கொப்பி என்ட கையில இருந்துதானே போனது எண்டார்."

"பிறகாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொல்ல வந்தவராம். நீங்க கேக்கல்லயாம்."

கொப்பி இல்லாததால் உன்னை மண்டபத்துக்குள் விடவில்லையாம். வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறாய். இது எனக்கு ஆறு வருடம் தெரியாது. தெரியாது என்பதும் பொய்தான். உன் காலி மேசையைப் பார்த்தேன், ஏன் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடும் என்று உள்ளுக்குள் எங்கோ பயந்திருக்கிறேனோ? நீ எனக்குச் செய்ததற்கு ஈடாக நான் எதைச் செய்யமுடியும், சவரி?

செய்தி ஒன்று சொல்கிறேன். பட்டாளம் போய்விட்டது. ஆய்வுகூடத்தைத் திரும்பத் திறந்திருக்கிறார்கள். இந்த வருடம் பௌதிகத்துக்கு ஒன்பது பேர். வகுப்பில் நான் பொய் சொன்ன இரண்டு பேரில் ஒருவன் இங்கேதான் இருக்கிறான். நேற்று அவன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "அவனுக்குப் பக்கத்தில இருந்து எழும்பினது நானடா" என்றான். மற்றவன் கண்டியில். அவனுக்கு எழுதிவிட்டேன்.

இன்று காலை அப்பாவிடம் சொன்னேன். உன்னைப் படலையில் நிறுத்தி அனுப்பியவர் அவர். எழும்பிப் போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினார். பிறகு கேட்டார், "அந்தப் பிள்ளைர அப்பா இப்ப கடலுக்குப் போயிருப்பாரோ, வீட்டில இருப்பாரோ?"

நாங்கள் புறப்படுகிறோம், மச்சான். உன் அப்பாவின் முன்னால் நின்று, அவரது மகனை நான் என்னவென்று சொல்லித் திரிந்தேன் என்பதை ஒரு சொல் குறைக்காமல் என் வாயால் சொல்வேன். அவர் என்னை வெளியே போகச் சொன்னால் போவேன். மறுநாளும் வருவேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

கேட்கத் தெரியாமல் போன உன் மச்சான்,
சிவஞானம்
அமிர்தகழி