புத்தகத்தில் இருந்த படிக்கட்டு

ஸ்ரௌவ்வில், கனடா,
11 பெப்ரவரி 2024

அன்புள்ள பேபி மச்சாளுக்கு,

இளவாலையில் எல்லாரும் சுகம்தானே? போனை உங்கள் தம்பி றெமி திறந்து பார்ப்பதால் கடிதம் எழுதுகிறேன். பதிலை நான் வேலைசெய்யும் பல் வைத்தியரின் ஒபீசுக்கே போடுங்கள்.

வீட்டுப் படம் கேட்டிருந்தீர்கள், அனுப்பியிருக்கிறேன். கூரை ஓரத்தில் சரிகை போல மரவேலைப்பாடு தெரிகிறதா? விக்டோரியா மகாராணி காலத்து வீடு. அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வீட்டு மாதிரிப் புத்தகங்கள் வருமாம். பிடித்த வீட்டின் இலக்கத்தை எழுதிப் போட்டால் வரைபடம் தபாலில் வருமாம். இங்கே வயல் செய்துவந்த கமக்காரர் ஒருவர் அப்படித்தான் இதைக் கட்டினாராம். றெமி அந்தப் புத்தகத்தின் மறுபதிப்பைத் தேடிப் பிடித்துவிட்டார். அன்றிலிருந்து அதுதான் அவருக்கு வேதாகமம். விமான நிலைய வேலை முடிந்து மிசிசாகாவிலிருந்து வந்ததும், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சுவரை அளக்கிறார். புத்தகத்தில் இல்லை என்று குசினி அலுமாரிகளையும் உடைத்து எறிந்துவிட்டார். சட்டிபானை எல்லாம் நிலத்தில்தான்.

போன கிழமை விறாந்தைச் சுவரில் மாதா படம் மாட்ட ஆணி அடித்தேன். "ஆரைக் கேட்டு அடிச்சனீ?" என்று என் கையைப் பிடித்து அந்த ஆணியின் மேலேயே அழுத்திவிட்டார். உள்ளங்கையில் ஏறிவிட்டது. இப்போது ஆறிவருகிறது, நீங்கள் யோசிக்க வேண்டாம்.

உங்கள்
கரோலின்


இளவாலை,
3 மார்ச் 2024

அன்பான கரோலினுக்கு,

கடிதமும் படமும் கிடைத்தன. வீடு தேவாலயம் போல இருக்கிறது. அயலட்டை எல்லாருக்கும் காட்டினேன்.

ஆணி விஷயம் வாசித்து மனம் பதறிவிட்டது. ஏற்புவலி ஊசி போட்டாயா? அவனுக்குச் சிறுவயதிலிருந்தே மூக்கு நுனியில் கோபம். அம்மா செத்தபின் நான்தான் வளர்த்தேன், எனக்குத் தெரியும். கோபம் போனபிறகு பச்சைப்பிள்ளை. வீட்டு வேலை முடிந்தால் அடங்கிவிடுவான். அதுவரைக்கும் பொறு. எதிர்த்து ஒன்றும் சொல்லாதே. அவன் போக்கில் விட்டுப்பிடி.

மிளகாய்த்தூள் அனுப்ப ஆள் பார்க்கிறேன்.

மச்சாள்
பேபி


ஒஷாவா,
8 ஏப்ரல் 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

எழுத்துக் கோணலாக இருக்கும். வலக்கையில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள், இடக்கையால் எழுதுகிறேன். போனில் சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன்.

உங்கள் கடிதம் குருத்து ஞாயிறுக்கு முன்பே கிடைத்தது. பொறுத்துத்தான் இருந்தேன். அன்று பூசைக்குப் போய்வந்ததும் றெமி சம்மட்டியை எடுத்தார். குசினிச் சுவருக்குப் பின்னால் வேலைக்காரிக்கென்று ஒடுங்கிய படிக்கட்டு ஒன்று இருப்பதாகப் புத்தகத்தில் போட்டிருந்தது. சுவரில் தட்டி, "கேக்குதோ? உள்ளுக்கை வெறுமை" என்று பிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டார். பின்னேரம்வரை இடித்தார். சுவர் விழுந்தது. உள்ளே ஆள் நிற்கக்கூடிய ஒரு பொந்தும் புகைக்கூண்டுச் செங்கல்லும்தான். படிக்கட்டு இல்லை. ஒருகாலமும் இருந்ததில்லை.

"வீடு கட்டின மனுசன் தனக்குத் தேவையில்லையெண்டு விட்டிருப்பார். விடுங்கோவன்" என்றேன். அவ்வளவுதான் மச்சாள்.

சம்மட்டிப் பிடியால் அடித்தார். கை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அந்தப் பொந்துக்குள் தள்ளினார். "ஏறு! படி இருக்கு, ஏறடி!" என்று கத்தினார். நான் ஏற அங்கே என்ன இருக்கிறது? சுவரை விறாண்டினேன். பின்னாலிருந்து உதைத்துக்கொண்டே "ஏறு, ஏறு" என்றார். முகம் செங்கல்லில் அடிபட்டு வாயெல்லாம் இரத்தம். இதற்குள்ளேயே செத்துவிடுவேன் என்று தெரிந்தது. கைக்கு அகப்பட்ட செங்கல் துண்டால் திரும்பி அவர் முகத்தில் ஓங்கி அடித்தேன். புருவம் பிளந்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். காலுறையோடு பனிக்குள் ஓடினேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் என்னை உள்ளே எடுத்துக் கதவைப் பூட்டி, பொலிசைக் கூப்பிட்டார்.

நான் அடித்ததையும் பொலிசிடம் மறைக்கவில்லை. அவரைப் பிணையில் விட்டிருக்கிறார்கள், என்னோடு கதைக்கக் கூடாது. நானாகவே ஏணியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டதாகச் சொல்கிறாராம். நான் இப்போது பெண்களுக்கான ஒரு பாதுகாப்பு இல்லத்தில் இருக்கிறேன், முழு முகவரி எழுதமுடியாது. பதிலை ஒபீசுக்கே போடுங்கள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் ஆரை நம்புகிறீர்கள்?

கரோலின்


இளவாலை,
2 மே 2024

கரோலின்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அவன் எனக்குப் போன் எடுத்துவிட்டான். நீ ஏணியிலிருந்து விழுந்ததாக நீயே எனக்குச் சொன்னாய் என்று நான் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். லோயர் கேட்டாராம். "எனக்கு உங்களை விட்டா ஆர் இருக்கினம்?" என்று அழுதான். அந்த அழுகைக்கு நான் எத்தனையோ தரம் விழுந்திருக்கிறேன். எழுதுகிறேன் என்றுதான் சொன்னேன்.

பிறகு உன் கடிதம் வந்தது. வாசித்து முடித்ததும் நானே அவனுக்குப் போன் எடுத்தேன். "தம்பி, கோயில் பக்கம் பாத்து நிண்டு கதைக்கிறன். உண்மையைச் சொல்லு. அவள் உனக்கு என்னடா செய்தவள்?" என்று கேட்டேன்.

சொன்னான்: "அவள் சிரிச்சவள், அக்கா."

வேறொன்றும் சொல்லவில்லை. அதை ஒரு நியாயம் போலச் சொன்னான். போனை வைத்துவிட்டேன்.

நீ சிரித்தாயா இல்லையா என்று நான் கேட்கப் போவதில்லை. சிரித்திருந்தால் அது உன் வீடு, உன் வாய். அவனுக்கு நான் கையெழுத்து வைக்கவில்லை. பொலிஸ் என்னைக் கேட்டால் அவன் சொன்னதை அப்படியே சொல்வேன், என் போன் இலக்கத்தை அவர்களிடம் கொடு. ஊரில் என்னைத் தம்பியை விற்றவள் என்பார்கள். சொல்லட்டும்.

மச்சாள் என்ற முறை அவனால் வந்தது. இனி எனக்கு எழுத உனக்கு மனம் இருந்தால், பேபி அக்கா என்று எழுது. மனம் இல்லாவிட்டாலும் கை சுகமானதை மட்டும் அறிவி.

பேபி