இருபது நிமிட வாத்துச் சத்தம்

பிப். 8, ஞாயிறு
மூடுபனி. லேக் மார்க்கெட்டில் வாங்க: இட்லி அரிசி, காபித்தூள், பட்டன் பேட்டரி (போன வாரமே மறந்தாயிற்று).

அக்கா விடியலிலேயே சாந்த்ராகாச்சி ஏரிக்குப் போய்விட்டு ஒன்பது மணிக்கு மாடியேறி வந்தாள். கையில் நான் செய்து கொடுத்த ஒலிப்பதிவுப் பெட்டி. வாத்துக் கூட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் எழும்பியதாம். இருபது நிமிடம் பதிவு. அவள் பாடம் எடுக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கேட்கவைக்க மூன்று குளிர்காலமாக அலைகிறாள். கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டேன். பழைய பதிவுகள் இருந்தன. இன்றையது இல்லை.

"ஈரக் கையோட தொட்டுட்டேனோடா?"

கார்டு மக்கர் என்றேன். நான் எழுதிய புரோகிராம் தப்பாகாது என்ற திமிர்.

பிப். 9, திங்கள்
லீவு. பெட்டியின் புரோகிராமைப் பார்த்தேன். கார்டு நிறைந்தால் தேதிப்படி மிகப் பழைய ஃபைலை அழி. நான் எழுதிய வரிதான். பெட்டியின் கடிகாரத்துக்கான பட்டன் பேட்டரியைப் பிடுங்கி சமையலறைத் தராசுக்குப் போட்டதும் நான்தான். கடிகாரம் நின்று, நேற்றைய பதிவுக்கு 1980 ஜனவரி 1 என்று தேதி. அதைவிடப் பழசு கார்டில் ஏது? கார்டு நிறைந்ததும் பெட்டி அதையே அழித்திருக்கிறது. ரவை நிறுக்க வந்த ஆசை. சீ.

ஒரே ஆறுதல்: அழித்தாலும் போவது பெயர் மட்டும். மேலே புதிதாக எதுவும் பதியாதவரை சத்தம் கார்டிலேயே கிடக்கும். மீட்டுவிடலாம். அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. சத்தமில்லாமல் புது பேட்டரி போட்டுப் பெட்டியை மேஜையில் வைத்தேன், கார்டு உள்ளேயே. மீட்பது நாளைக்கு. தலைவலி.

பிப். 10, செவ்வாய்
எழுந்தபோது மணி எட்டு. மேஜையில் பெட்டி இல்லை.

பத்துக்கு அக்கா வந்தாள். ஏரி வாத்துகள் இந்தக் குளிர்காலத்துக்கு ஊர் திரும்பிவிட்டனவாம். "கார்டு நல்லாத்தான்டா இருக்கு, ஒரு மணி நேரம் பதிஞ்சிருக்கு." ரயில் ஹாரன், கொஞ்சம் காக்கை.

மீட்டுப் பார்த்தேன். வாத்து இருந்த இடத்தில் ரயில்.

சாயந்திரம் படிக்கட்டில் கீழ்வீட்டு பௌதியிடம் (அந்த வங்காளி அண்ணி) அக்கா வங்காளியில் சொல்லிக்கொண்டிருந்தாள்: தம்பி செய்த பெட்டி அருமை, என் கைதான் ஈரம். கதவைச் சாத்திக்கொண்டேன். வெட்கங்கெட்டவன்.

பிப். 11, புதன்
தூறல். ரவை உப்புமா.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். தராசு, பேட்டரி, தேதி, எல்லாம். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"திங்கக்கிழமையே சொல்லியிருந்தா கிடைச்சிருக்குமாடா?"

கிடைத்திருக்கும் என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தாள். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.